அவருக்காக நான் கதைத்தேன்

வைன் சுவைக்கப் போகிறவர்கள் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். வெறும் வயிற்றோடு போனால் இரண்டாவது திராட்சைத் தோட்டத்திலேயே தலை சுற்றத் தொடங்கிவிடும். அதற்காக இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சரிவராது. தேங்காய்ப்பாலின் ருசி நாக்கில் கிடந்தால் வெள்ளை வைனின் புளிப்புத் தெரியாது. பாணும் ஒரு துண்டு சீஸும்தான் நல்லது. அன்றைக்கும் அவருக்கு அதைத்தான் கொடுத்தேன். நீங்கள் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அவருடைய சாப்பாட்டில் நான் எதையும் கலக்கவில்லை.

என் பெயர் அக்னெஸ். இறந்துபோன றெக்ஸின் மனைவி. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பது. பிரெஞ்சை அங்கேதான் படித்தேன். வகுப்பில் சொல்லித்தருகிற பிரெஞ்சு அல்ல, பல் கழற்றிய வாய்கள் பேசுகிற பிரெஞ்சு. அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். இன்றைக்குப் பொலிஸ்காரரான உங்களுக்குத் தமிழில் சொல்வது பிரெஞ்சு வராததால் அல்ல. பிரெஞ்சில் பேசினால் வேலையிடத்தில் பொறுப்பாளருக்கு ஒப்புவிப்பது போல இருக்கும். றெக்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தம்பி நான் சொல்வதை நன்றாகத்தான் உங்களுக்குப் பிரெஞ்சில் சொல்கிறார். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

றெக்ஸுக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லை. போன்ஜூர், மெர்சி, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பியர் வாங்கத் தேவையான இரண்டொரு சொல். ஆங்கிலமும் அரைகுறை. உணவகங்களின் பின்பக்கத்தில் எங்கள் ஆட்களோடு பாத்திரம் கழுவியே அவருடைய காலம் போய்விட்டது. வங்கிக்கும் குடிவரவுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியரிடமும் நான்தான் கூடப் போவேன். அவர் சொல்வதை நான் அவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் சொல்வதை அவருக்குச் சொல்வேன். எத்தனையோ குடும்பங்களில் இது நடக்கிறதுதான்.

அவர் குடித்தார். அதுவும் எத்தனையோ குடும்பங்களில் நடக்கிறது. ஒன்றை மட்டும் நான் சொல்லவேண்டும். எங்கள் மகள் றொஷினி சின்னப்பிள்ளையாக இருந்தபோது என் வயிற்றில் இரண்டாவது பிள்ளை இருந்தது. அப்போது நாங்கள் இருந்த வீட்டுக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. இந்த நகரத்துப் பழைய வீடுகளின் படிக்கட்டுகளை நீங்கள் அறிவீர்கள். மாசி மாதம். அவர் என்னைத் தள்ளினார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பனிக்கட்டியில் சறுக்கிவிட்டது என்று சொன்னேன். ஆண் பிள்ளை. அதைப் பற்றி அவரும் நானும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. றொஷினிக்கும் தெரியாது. மற்றதையெல்லாம் அவர் குடித்துவிட்டார், அந்தப் பிள்ளை மட்டும் என்னுடையதாக இருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழியில் அவர் இரத்தம் வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்கச் செய்தார்கள். அந்த வைத்தியர் இளம் ஆள், வேகமாகப் பேசுவார், ஆனால் தெளிவாகப் பேசுவார். ஈரல் கெட்டுவிட்டது. உணவுக்குழாயில் உள்ள இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றன. இனி ஒரு துளி மதுவும் கூடாது. குடித்தால் அவை வெடிக்கலாம். வெடித்தால் உடனே கொண்டுவர வேண்டும், தாமதித்தால் பிழைக்க மாட்டார். ஒவ்வொரு வசனமாக நான் தமிழில் சொன்னேன். றெக்ஸ் வைத்தியரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மையா அப்பிடித்தான் சொல்லுறாரோ?”

“ஓம்.”

அன்றோடு விட்டுவிட்டார். இத்தனை வருடம் நான் அழுதேன், காலில் விழுந்தேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். அப்போதெல்லாம் கேட்காதவர் வைத்தியர் சொன்னதும் கேட்டார். சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

குடியை விட்டவர் கோயிலைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தமிழ்ப் பங்கில் பூசைக்கு முதல் ஆளாய்ப் போனார். கதிரை அடுக்கினார். வீட்டில் என்னை ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ‘நீர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டு நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

தபசுகாலத் தியானத்தில் சாட்சியம் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். மண்டபம் நிறையச் சனம். றொஷினி ஒட்டாவாவில் வேலை செய்கிறாள், அவளும் வந்திருந்தாள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “சகோதரங்களே, நான் என்ரை பிள்ளையைச் சாகக் குடுத்தவன்” என்று தொடங்கினார்.

எல்லாவற்றையும் சொன்னார். இரும்புப் படிக்கட்டு, மாசி மாதம், நான் போட்டிருந்த கோட்டின் நிறம். அந்த நிறம் அவருக்கு ஞாபகம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அழுதார். சனமும் அழுதது. முடிந்ததும் எழும்பி நின்று கைதட்டினார்கள். சுவாமியார் வந்து கட்டிப்பிடித்து, ஆண்டவர் உம்மை மன்னித்துவிட்டார் என்றார். நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அல்போன்சம்மா என்று ஒரு வயதான மனுஷி, செபமாலைக் கூட்டத்துக்குத் தலைவி. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “குடுத்து வைச்சனீ பிள்ளை. இப்பிடித் திருந்தின மனிசன் ஆருக்குக் கிடைக்கும்?” என்றார். தனக்கு ஒரு தம்பி இருந்திருப்பான் என்பதை றொஷினி அந்த மண்டபத்தில், ஒலிபெருக்கியில்தான் அறிந்தாள். அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைக் கடந்து போய் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார். “சொன்னது பிழையோ, அக்னெஸ்?”

“இல்லை” என்றேன்.

“மனம் லேசாப் போச்சு.”

அவருக்கு லேசாகியிருக்கும். அதை நான் சந்தேகிக்கவில்லை. பிறகு ரொறன்ரோவிலும் கூப்பிட்டார்கள், லவாலில் ஒரு வீட்டுச் செபத்துக்கும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பிள்ளையைச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் நான் முன்வரிசையில் இருந்தேன். அது அவருடைய பிள்ளையாகிவிட்டது.

வைன் தோட்டங்களுக்கு என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது என்னோடு வேலை செய்கிற லூசி. சம்பிளேன் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் டன்ஹம் பக்கம் முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். சின்னச் சின்ன மேடுகள், நடுவில் மண் வீதி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை. உள்ளே போனால் மரவாசம் வீசுகிற ஓர் அறை, ஒரு மேசை, அதற்குப் பின்னால் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர். குவளையில் அடியில் மட்டும் படும்படி ஊற்றுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சுழற்றி மணக்க வேண்டும். வாயில் வைத்து உருட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற கிண்ணத்தில் துப்பிவிடலாம். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மதுவை மனிதர்கள் இப்படியும் நடத்தலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு லூசி இல்லாமல் சனிக்கிழமைகளில் தனியே போகத் தொடங்கினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நான் யாருடைய பொறுமையான மனைவியும் அல்ல. ஊற்றுகிற பெண் என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்பாள். பச்சை அப்பிள் என்பேன், ஈரக் கல் என்பேன். அவள் தலையாட்டுவாள். உங்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கு என்ன தெரிகிறது என்று அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை.

றெக்ஸ் அதைக் கண்டுபிடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது.

“நீர் போற இடத்துக்கு இனி நானும் வாறன்” என்றார். “உம்மைத் தனிய விட்டது காணும்.”

வேண்டாம், அது குடிக்கிற இடம், உங்களுக்குச் சோதனையாக இருக்கும் என்றேன். ஆண்டவர் இருக்கிறார் என்றார். வந்தார். நான் வழக்கமாகப் போகிற தோட்டத்துக்குத்தான் போனோம். ஊற்றுகிற பெண் அவருக்கும் ஒரு குவளையை வைத்தாள். அவர் அதை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

“சொல்லும், அக்னெஸ். நான் பெரிய குடிகாரன் எண்டு சொல்லும். மனிசியை அடிச்சவன் எண்டு சொல்லும். பிள்ளையைச் சாகக் குடுத்ததையும் சொல்லும். இந்தப் பிள்ளையும் கேக்கட்டும்.”

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் வாயால், பிரெஞ்சில், ‘நான் என் மனைவியை அடித்தேன்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் என்னிடம் கேட்டது. அவர் அதைக் கொடுமையாக நினைக்கவே இல்லை. கண்ணெல்லாம் நிறைந்து, நல்ல மனதோடு நின்றார்.

நான் அவளிடம் சொன்னேன்: “இந்த மேட்டைப் பார்க்கத் தன் ஊர் ஞாபகம் வருகிறதாம். மனம் நெகிழ்ந்துவிட்டாராம்.”

நாங்கள் பாஷையூர் என்ற கடற்கரை ஊர் ஆட்கள். அங்கே மேடு என்று ஒன்றும் கிடையாது. அவள் தன் நெஞ்சில் கையை வைத்து, மெர்சி, மெர்சி என்றாள். றெக்ஸ் என் பக்கம் திரும்பினார். “பாத்தீரே, ஆண்டவர் அந்தப் பிள்ளையைத் தொட்டிட்டார்.”

ஓம் என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்கு நல்ல மனநிலை. அவர் எந்த உலகத்தில் நடமாடுகிறாரோ அது நான் சொல்லிக்கொடுக்கிற உலகம் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

அந்த நாட்களில் றொஷினி தொலைபேசி எடுத்தால் “அப்பாட்டைக் குடுங்கோ” என்பாள். முன்பு அவர் எடுத்தால் வைத்துவிடுகிற பிள்ளை. அவர் குடித்த காலமெல்லாம் அவளும் நானும் ஒரே அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தோம். ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள், “அம்மா, அப்பா மாறிட்டார். நீங்கள்தான் மாறேல்லை.” அவள் நல்ல பிள்ளை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

சித்திரை மாதம் வைத்தியரிடம் பரிசோதனைக்குப் போனோம். அதே இளம் வைத்தியர். நிலைமை மோசமாகவில்லை என்றார். ஆனால் கட்டுப்பாடு மாறவில்லை, வாழ்நாள் முழுவதும் ஒரு துளியும் கூடாது என்றார். அவர் தினமும் எடுக்கிற வெள்ளைக் குளிசையை ஒருநாளும் விடக் கூடாது, அந்தக் குழாய்களில் அழுத்தம் ஏறாமல் அதுதான் காக்கிறது என்றார். றெக்ஸ் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னவாம்?”

நான் சொன்னேன்: “ஈரல் நல்லாத் தேறியிட்டுதாம். சாப்பாட்டோடை கொஞ்சம் வைன் குடிச்சாலும் பறவாயில்லையாம். அந்த வெள்ளைக் குளிசையும் இனித் தேவையில்லையாம்.”

முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. நாக்கில் வந்தது. வைத்தியர் என்னிடம், அவருக்கு விளங்கியதா என்று கேட்டார். நன்றாக விளங்கியது என்றேன். றெக்ஸ் எழும்பி வைத்தியரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உங்கள் கணவர் துணிச்சலான மனிதர் என்று வைத்தியர் எனக்குச் சொன்னார். அதை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் குடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்று பின்னேரமே டெப்பனருக்குப் போவார், இரண்டு நாளில் பழைய றெக்ஸ் திரும்பி வருவார், மண்டபத்தில் கைதட்டிய சனம் பார்க்கட்டும், றொஷினி பார்க்கட்டும். அவ்வளவுதான். அது நியாயமான ஆசை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் போகவில்லை. குளிசையை மட்டும் விட்டார்.

“டொக்டர் விட்டாலும் எனக்குத் தேவையில்லை” என்றார். “ஆண்டவருக்குச் சொல்லிப்போட்டன்.”

கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் என்னோடு டன்ஹம் வந்தார். நான் சுவைப்பேன், அவர் பக்கத்தில் நின்று பழச்சாறு குடிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆவணியில் ஒருநாள், வெளியே மரத்தடியில் மேசை போட்டிருந்த ஒரு தோட்டத்தில், என் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இஞ்சருங்கோ, எனக்காண்டி ஒருக்கா வாயிலை விட்டுப் பாருங்கோ. விழுங்க வேண்டாம், துப்புங்கோ. நான் இதிலை என்னத்தைக் காணுறன் எண்டு உங்களுக்குத் தெரியவேண்டாமோ?”

அவர் குவளையைப் பார்த்தார். “பயமாக் கிடக்கு, அக்னெஸ்.”

“டொக்டரே சொல்லியிட்டார். பூசையிலை சுவாமியார் குடிக்கிறதும் இதுதானே.”

“நீர் சொன்னாச் சரி” என்றார்.

அவர் திருந்திய பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. அதனால்தான் செய்தார். வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பினார். “புளிக்குது” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நல்ல சோடியாகத்தான் தெரிந்திருப்போம். அடுத்த தோட்டத்தில் அவர் துப்பவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் குடிகாரன் ஆகவில்லை. சனிக்கிழமை என்னோடு ஒரு சின்னக் குவளை, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு சின்னக் குவளை. தானே ஊற்றுவார், தானே தக்கையை அடைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். அரைப் போத்தல் கிழமைக்கணக்கில் அப்படியே கிடக்கும். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

ஒரு குவளையோடு அவரால் நிறுத்த முடிகிறது. அப்படியானால் எப்போதும் அவரால் முடிந்திருக்கிறது. இத்தனை வருடமும், ‘அது ஒரு வருத்தம், நோய், அவர் கையில் இல்லை’ என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கோயிலிலும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த அரைப் போத்தலைப் பார்த்தபோதுதான் அது பொய் என்று எனக்கு விளங்கியது. அந்தப் படிக்கட்டின் மேல்படியில் நின்றபோதும் அவரால் நிறுத்தியிருக்க முடியும். அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் ஒரு மனக்குழப்பமும் இருக்கவில்லை.

பங்கில் இதைச் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்தார். ஒளிக்கக் கூடாதாம். “சனத்துக்கு விளங்காது, பேந்து சொல்லுவம்” என்றேன். கேட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் அந்தச் சனிக்கிழமை. ஒரு கிழமையாகவே அவருடைய முகம் வெளிறியிருந்தது. படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். முதியோர் இல்லத்தில் அந்த முகத்தைக் கண்டிருக்கிறேன். உள்ளே எங்கோ கசிகிறது என்று அர்த்தம். “இண்டைக்கு வீட்டிலை நிப்பமே?” என்று கேட்டார். தோட்டங்களை மூடப்போகிறார்கள், இந்த வருடத்தில் இதுதான் கடைசி என்றேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மரங்கள் எல்லாம் நிறம் மாறியிருந்தன. வீதி முழுவதும் நகரத்துக் கார்கள். நான் சனம் குறைந்த ஒரு சின்னத் தோட்டத்தைத் தேர்ந்தேன். வயதான ஒரு பெண் மட்டும் உள்ளே நின்றாள். அவளுடைய புருஷன் தூரத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சிவப்பு வைன் ஊற்றினாள். நல்ல வைன், கடுமையானது, கறுப்புச் செரியின் மணம். றெக்ஸ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடித்தார். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று வெளியே போனார். கட்டிடத்துக்குப் பின்னால், கொடிகள் தொடங்குகிற இடத்தில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. நான் போனபோது சரளைக் கல்லில் வாந்தி எடுத்திருந்தார். சிவப்பு. அந்தப் பெண் ஒரு துணியோடும் தண்ணீரோடும் ஓடிவந்தாள். அவள் கண்ணுக்கு அது வைன். ஒரு தோட்டக்காரிக்கு வேறு என்ன தோன்றும்.

“அக்னெஸ், இது ரத்தம்” என்றார் அவர். குரல் மெல்லியதாக வந்தது. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லும். கெதியாக் கொண்டுபோகச் சொல்லும்.”

“என்ன சொல்கிறார்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“சிவப்பு வைன் ஒத்துக்கொள்ளவில்லையாம்” என்றேன். “முன்பும் இப்படி வந்திருக்கிறது. காற்றில் கொஞ்சம் இருந்தால் சரியாகிவிடும். உங்கள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கப்படுகிறார். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அவள் மரியாதை தெரிந்தவள். அவருடைய தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் ஹொஸ்பிற்றல் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும், பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். பயத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

நான் வாங்கில் இருந்து அவருடைய தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்துபோயிருந்தது. என் சால்வையால் போர்த்திவிட்டேன்.

“அவ கூப்பிடப் போயிட்டாவோ?”

“ஓம், போயிட்டா. வருகினம்.”

“டொக்டர் குடிக்கலாம் எண்டுதானே சொன்னவர்?”

“ஓம்.”

“அப்ப நான்தான் கனக்கக் குடிச்சிட்டன் போலை. மன்னிச்சுக்கொள்ளும், அக்னெஸ்” என்றார்.

அவர் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பங்கு மக்களிடம் கேட்டிருக்கிறார், ரொறன்ரோ ஆட்களிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். படிக்கட்டுக்காக அல்ல, ஒரு குவளை வைனுக்காக. அவர் இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு தரம் வாந்தி எடுத்தார், அது நிறைய. அதற்குப் பிறகு பேசவில்லை.

அந்தப் பெண் திரும்பி வந்து எட்டிப் பார்த்தவள் கத்திவிட்டு, அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவர் எனக்குத் தெரியாமல் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டார், மறைத்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை. குடிகாரனைப் பற்றி மனைவி சொல்வதை எல்லோரும் நம்புவார்கள்.

அடக்கச் சடங்கு அமைதியாக நடந்தது. சுவாமியார் சுருக்கமாகப் பேசினார். அல்போன்சம்மா என் கன்னத்தைத் தடவி, “பாவம் பிள்ளை நீ. அந்தக் குணம் அவனை விட்டுப் போகேல்லைப் பார்” என்றார். சனம் என்னைத் திரும்பவும் பழைய மாதிரிப் பார்த்தது. றொஷினி பெட்டிக்குள் பூப் போடவில்லை. “எங்களை ஏமாத்திப்போட்டார்” என்று சொல்லிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து நின்றாள். என் கட்டிலில், என் பக்கத்தில் படுத்தாள், சின்னப்பிள்ளையில் படுத்தது போல. அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதை மறைத்து என்ன பயன்.

அவள்தான் பிறகு அந்த வைத்தியரிடம் போனாள். அப்பா நோப்பட்டுச் செத்தாரோ என்று கேட்கப் போயிருக்கிறாள், வேறு எண்ணம் இல்லை. வைத்தியர் தான் என்ன சொன்னார் என்பதை அவளுக்குச் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்ததையும், அவருக்கு நன்றாக விளங்கியது என்று நான் சொன்னதையும் சொன்னார். அப்பா அன்றைக்கு ஏன் தன் கையைப் பிடித்து அத்தனை தரம் நன்றி சொன்னார் என்பதுதான் தனக்கு விளங்கவில்லை என்றாராம்.

அவள் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணீர் போட்டேன்.

“அம்மா, அப்பா வைன் குடிக்கலாமாம் எண்டு டொக்டர் சொன்னதா எனக்குப் போனிலை ஒருக்காச் சொன்னவர். நான் பொய் எண்டு நினைச்சன்.”

நான் தேத்தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அந்த டொக்டர் வேகமாக் கதைக்கிறவர் அம்மா. எனக்கே சிலது விடுபட்டுப் போச்சு. உங்களுக்கு அவர் சொன்னது விளங்கேல்லைத்தானே?” அவள் என் கையைப் பிடித்தாள். “விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் நம்புறன். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

நீங்களும் சற்று முன் அதையேதான் கேட்டீர்கள். கேட்டதில் பிழை ஏற்பட்டிருக்கலாமே, பிரெஞ்சு எனக்குப் பிறமொழிதானே என்று. நல்லெண்ணத்தில் கேட்கிறீர்கள். இல்லை. வைத்தியர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. றெக்ஸ் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அன்று அந்த வாங்கில் அவருடைய நாடி இறங்குவதை என் விரலால் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

றொஷினிக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் தேத்தண்ணீரைத் தொடவில்லை. எழும்பி நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அதில் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. இனி வரமாட்டாள் என்று தெரியும். விளங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இப்போது என் பக்கத்தில் இருந்திருப்பாள். ஆனால் என் பிள்ளைக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.